ஊர் திரும்பும் பெரியவர்கள்

வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்கு, கிளம்புவதற்கு முந்தைய நாலு நாள்தான் ரொம்பக் கஷ்டம். வந்த புதிதில் "எப்போ மயிலாப்பூர் போவோம்?" என்று நாள் எண்ணியவர்கள், இப்போது பேத்தியை விட்டு நகர மாட்டார்கள்.

நியூஜெர்ஸியில் எங்களோடு ஆறு மாதம் இருந்த என் மாமனார், மாமியாருக்கும் அதே கதைதான். பிரிட்ஜ்வாட்டர் பெருமாளைச் சேவித்தாயிற்று. நியூயார்க்கில், 1977-ல் கும்பாபிஷேகம் ஆன ஃப்ளஷிங் பிள்ளையாரையும் தரிசித்து, கான்டீனில் தோசையும் சாப்பிட்டாயிற்று. "இனி எப்போ வரப் போறோம்?" என்று மாமியார் கேட்டபோது யாருக்கும் பதில் வரவில்லை. மாமனாருக்கு 78 வயது, சர்க்கரை வேறு.

அழுதுகொண்டிருந்தால் ஆகுமா? இன்சுலினையும் டாக்டர் சீட்டையும் கைப்பையில் வைத்தேன். பெரிய பெட்டியோடு போட்டால் மருந்து குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். ஊருக்கும் இங்கேயும் ஒன்பதரை மணி வித்தியாசமாயிற்றே! ஊசி போடும் நேரத்தை டாக்டரிடம் கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சக்கர நாற்காலிக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி வைத்தோம். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டக்கூடும். அடிக்கடி எழுந்து நடக்கச் சொன்னேன்.

மாமியாரோ சாம்பார்ப் பொடி அரைத்து நாலு பாட்டிலில் நிரப்பி வைத்தார். "இது காலியாறதுக்குள்ள நீங்கள்லாம் ஊருக்கு வந்துடுங்கோ" என்றார்.

மூன்றாவது பாட்டில் நடக்கிறது. டிசம்பர் லீவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டோம்.