கிணற்றுச் சுவர்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் திருவரங்கத்தில் எங்கள் வீட்டுக் கிணறும் ஏறிவிடும். அப்படியோர் ஆடியில் பாட்டியின் சீர்க்குடம் கயிறறுந்து உள்ளே விழுந்தது. பாதாளக் கரண்டிக்கும் அகப்படவில்லை. எப்போதும் அப்பாதான் இறங்குவார். அவ்வாண்டு அவருக்கு இழுப்பு.

"சுவரை விடாதேடா" என்றார்.

பாசி படிந்த செங்கல்லைத் தடவியபடி தலைகீழாக இறங்கினேன். இரண்டாள் ஆழத்தில் காது குத்தியது. மத்தியதரைக் கடலில் பாறைச் சுவரோரம் இறங்குவோர் மூக்கைப் பிடித்து ஊதி அந்த வலியைத் தவிர்ப்பார்களாம். திருச்சிக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் படித்தேன். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய மூச்சுக் கருவியின் வழிவந்தது அவர்கள் முதுகில் இருக்கும். எனக்கு இருந்ததோ ஒரே மூச்சு!

குடம் கையில் பட்டதும் சுவரை விட்டுவிட்டேன். மேலெது, கீழெது? இருட்டு. குடத்தை நழுவவிட்டுத் துழாவினேன், செங்கல் தட்டுப்பட்டது.

மேலே, கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்தபடி அப்பா என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாட்டி குடத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை.