திருமேனி காத்த தொண்டர்

கள்ளக்குறிச்சியினின்றும் கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறுவார்க்கு, வெள்ளிமலைக்கு அணித்தாகக் கரியாலூர் என்னும் ஊர் எதிர்ப்படும். மூவர் பாடல்பெற்ற தலம் ஒன்றும் இம்மலைமேல் இல்லை. ஆகலின், கீழே நடுநாட்டுத் தலங்களை வழிபடச் செல்லும் சைவ அன்பர்கள் இதனைத் தொலைவிற் கண்டு செல்வதன்றி ஏறிப் பார்ப்பது அருமை. ஆயினும், மலையாளர் என்று வழங்கப்பெறும் இம்மலைவாழ் மக்களிடையே வழிவழி வழங்கும் கதை ஒன்று சைவர்களும் செவிசாய்த்துக் கேட்கத் தக்கது.

அவர்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் வந்தவர் என்பர். அவர்கள் வழிபடு தெய்வம் கரிராமன். காஞ்சியில் உறைதல் அத்தெய்வத்திற்கு ஒவ்வாதாயிற்று. ஆகவே அது ஊரைவிட்டுப் புறப்பட்டது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தம் மனைவி மக்களோடு அதன் பின்னே நடந்தனர். நடந்தவர் வெவ்வேறு மலைகளைச் சார்ந்து தங்கிவிட்டனர். எட்கர் தர்ஸ்டன் என்பார் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. காஞ்சியில் உறைதல் ஏன் ஒவ்வாதாயிற்று என்பதைக் கதை சொல்வதில்லை. இடம்பெயர்ந்த தெய்வத்தைத் தனியே விடாது உடன்சென்றார் மூவர் இருந்தனர் என்பதையும், அவர் பெயர்களையும் மட்டும் அது விடாது பற்றிக்கொண்டுள்ளது. தெய்வம் திருமாலாயிற்றே என்று சைவர் இதனைப் புறக்கணித்தல் பொருந்தாது. ஈண்டுக் கருதற்பாலது உடன்சென்ற தொண்டு.

கற்றார் நிறைந்த கீழ்நாட்டிலோ நிலைமை வேறு. கோயில் எடுப்பித்தவர், விமானத்திற்குப் பொன் வேய்ந்தவர், நந்தாவிளக்கிற்கு ஆடு விட்டவர், திருப்பதியம் விண்ணப்பிப்பார்க்கு நிலம் அளித்தவர் ஆகிய எல்லாருடைய பெயரும் கல்லில் உள்ளன. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு விட்டவர் பெயரை ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்கின்றோர், படை வரும் இரவில் அவ்விளக்கின் முன்னிருந்த திருமேனியைத் தோள்மேல் எடுத்துக்கொண்டு ஓடியவர் பெயரைப் படிப்பது அரிதினும் அரிது. அதற்குக் காரணமும் உண்டு. கொடையை ஊரறியச் செய்யலாம். ஒளித்தலை ஊரறியச் செய்தல் இயலாது. இன்னார் இன்ன இடத்தில் மறைத்தார் என்று கல்லில் வெட்டிவைத்தால், முதலிற் படிப்பவன் பகைவனாகவும் இருக்கலாம் அன்றோ?

இவ்வகைத் தொண்டில் நாளும் ஆண்டும் தெளிவாகத் தெரிய நிற்பது தில்லைச் செய்தி. 1648-ஆம் ஆண்டின் இறுதியில் பிஜப்பூர்ப் படைகள் செஞ்சிக்கோட்டையை நெருக்கிக் கைப்பற்றிய காலத்தே, அவ்வாண்டு திசம்பர் 24-ஆம் நாள், அம்பலவாணர் திருமேனி தில்லையை விட்டு அகன்றது. திருவாரூரிற் கிடைத்த வடமொழிச் செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. நாற்பது திங்கள் குடுமியான்மலையிலும், அதன்பின்னர் மதுரையிலும் பெருமான் எழுந்தருளியிருந்தார். மீண்டும் சிற்சபையில் எழுந்தருளியது 1686-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள். அப்போது அந்நாடு மராட்டியர் ஆட்சியில், சம்பாசி மன்னர் காலத்தில் இருந்தது. இடைப்பட்ட காலம் முப்பத்தேழு ஆண்டு பத்துத் திங்களுக்கு மேலாகும். தில்லையிற் பிறந்து, வளர்ந்து, மணம்புரிந்து, பிள்ளை பெற்றும் கூத்தப்பெருமானை ஒருமுறையேனும் அம்பலத்திற் காணாத ஒரு தலைமுறை அங்கே இருந்திருத்தல் வேண்டும். எடுத்துச்சென்றபோது இளைஞராக இருந்தவர், மீண்டும் கொணர்ந்தபோது உயிரோடிருந்தால் முதியராக இருந்திருப்பர். இத்துணை நெடுங்காலம் ஒரு மறைபொருளைக் காத்தல், ஒருநாட் போரில் வாளேந்தி நிற்பதினும் எளிதென்று கூறுதல் இயலுமா?

இங்கே சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். எல்லாம் வல்ல முதல்வனை மனிதர் காப்பதாவது என்ன? எங்கும் நிறைந்தவனுக்கு இடப்பெயர்ச்சி உண்டோ? அஞ்சி ஒளித்தல் அன்பின் குறைவைக் காட்டாதோ? இத்தடை பத்திமைபோலத் தோன்றினும் ஆராய்ச்சியில் நில்லாது. காக்கப்பட்டது முதல்வன் அல்லன்; அவன் உயிர்கள்பொருட்டுக் கொண்டருளிய திருமேனியும், அத்திருமேனியைப் பற்றிநின்று வழிபடும் உயிர்களின் பேறுமே காக்கப்பட்டன. பாலில் நெய்போல எங்கும் மறைந்துநிற்பவன், தயிரில் நெய்போல விளங்கித் தோன்றும் இடங்கள் இவையென்று சித்தாந்த நூல்கள் தெளித்திருக்க, தயிர்த்தாழியை உடையவிட்டுப் பாலின் நிறைவைப் பேசிக்கொண்டிருப்பது அறிவாகாது.

இன்னும் ஒன்று. கல்வராயன் மலைக்குக் கிழக்கே பெண்ணைக்கரையிலுள்ள திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே வைத்து, இரண்டனையும் அரன் எனவே வழிபடுமாறு விதிக்கின்றது. ஆலயத்திற்கு உரிய வழிபாடு அடியார்க்கும் உரித்து என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாக, ஆலயத்தின் உயிர்நிலையாகிய திருமேனியைக் காத்த அடியாரை மறந்து, காக்கப்பட்ட திருமேனியை மட்டும் தொழுது மீள்வார், அச்சூத்திரத்திற் பாதியையே கைக்கொண்டவராவர்.

ஒளித்தல் அச்சத்தாற் செய்யும் ஒழுங்கற்ற செயல் அன்று என்பதற்கு ஆகமச் சான்றும் உண்டு. வைணவ வைகானசத்தைச் சார்ந்ததாயினும், மரீசியின் விமானார்ச்சனகல்பம் இங்கே எடுத்துக்காட்டத் தக்கது. பகைவரால் அச்சம் நேருங்கால் திருவுருவங்களை மறைவான இடத்திற் குழிதோண்டி, மணல் பரப்பி, நிலமகளை வேண்டிப் புதைக்குமாறும், உருவத்தினின்றும் ஆற்றலை வேறிடத்து ஏற்றி வைக்குமாறும், அச்சம் நீங்கியபின் மீள எடுக்குமாறும் அந்நூல் முறை வகுத்துள்ளது. புதைப்பதும் ஒரு பூசனையே என்று கண்ட முன்னோரின் நெஞ்சுறுதி வியக்கத்தக்கது. மண்வெட்டி ஏந்திய கையினராய், வெளியே குதிரைக் குளம்பொலி கேட்கக் கேட்க, மந்திரம் பிழையாது நின்றவர் எத்தகையராய் இருந்திருப்பர்!

எடுப்பதற்கும் முறை கூறப்பட்டதே. எடுக்க வந்தார் எத்துணைப் பேர்? விழுப்புரத்தைச் சார்ந்த எசாலத்தில், 1987-இல் இராசேந்திர சோழனது செப்பேட்டுத் தொகுதியும், செப்புத்திருமேனிகளும், பூசனைக் கருவிகளும் கோயிலின்கண் மண்ணினின்றும் வெளிப்பட்டன. ஆளுடைய பிள்ளையார் அவதரித்த சீகாழியில், 2023 ஏப்பிரலில், குடமுழுக்கின் பொருட்டு வேள்விச்சாலை அமைக்க மண் தோண்டியபோது இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூற்றுக்கு மேற்பட்டனவும் கிடைத்தன. ஓலையில் இருந்தால் கறையான் தின்னும் என்று செம்பிற் பொறித்தவர் ஒருவர். செம்பையும் உருக்குவார் உளர் என்று மண்ணுள் வைத்தவர் மற்றொருவர். புதைத்தவர் பின்னர் வந்து எடுத்திருந்தால் 2023-இல் மண்வெட்டிக்கு அவை தட்டுப்பட்டிரா. வராமைக்குக் காரணம் மறதி ஆகாது. அறிந்தவர் சிலரே, அச்சிலரும் மாண்டிருத்தல் வேண்டும், அன்றி, திரும்பவியலாத் தொலைவிற்குச் சிதறியிருத்தல் வேண்டும். அவர்தம் வாய் திறவாமையே அத்தேவாரத்திற்குக் காப்பாயிற்று.

கல்வராயன் மலையிற் பிறக்கும் மணிமுத்தாறு திருமுதுகுன்றத்தை அடைகின்றது. நம்பியாரூரர் தாம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை அவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது அன்பர் அறிந்ததே. ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடிய அவர்க்கு இட்ட கையாலேயே எடுக்கும் பேறு வாய்த்தது. மண்ணிலிட்ட இத்தொண்டர்க்கோ இடுதல் மட்டுமே வாய்த்தது. எடுத்தவர் பல நூற்றாண்டு பிற்பட்ட கூலியாட்கள்.

படையெடுத்தவர் யாவரும் ஒரு சமயத்தார் என்று எண்ணுதலும் பிழை. 1791-இல் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியது மராட்டியப் படையைச் சார்ந்த கூட்டம். கலைந்த சாரதை திருவுருவை மீண்டும் நிறுவப் பொருள் உதவியவர் திப்பு சுல்தான். தில்லைப் பெருமானை மீள எழுந்தருளுவித்ததோ மராட்டியர் ஆட்சி. ஆகலின், வெறுப்பை வளர்க்க இவ்வரலாறுகளை எடுத்துரைப்பார் தொண்டரைப் பாராது பகைவரையே பார்த்து நிற்பவராவர்.

இனி, திருமேனி தீண்டுதல் பற்றிய ஐயம். ஆசாரம் வல்லார் இதனை எழுப்புதல் இயல்பே. காஞ்சி வரதராசர் திருவுருவை 1688-இல் ஔரங்கசீப்பின் படைக்கு அஞ்சி எடுத்துச்சென்றவர், பிணத்தைக் கொண்டுபோவார்போல் நடித்து உடையார்பாளையத்திற்குக் கொண்டுசென்றனர் என்பது அத்தலத்து வழக்கு. அது மீண்டது 1710-இல். தூய்மையின் எல்லையாகிய ஒன்றைத் தீட்டின் எல்லையாகிய கோலத்தில் மறைத்தனர். அக்கணத்தில் அவர்தம் உள்ளம் பட்ட பாட்டை, வாழ்நாள் முழுதும் ஆசாரம் பேணியவரே உணர்வர்.

தில்லையைப் பற்றியும் ஒரு செவிவழிக் கதை உண்டு. ‘அம்பலப்புளி’ என்னும் கட்டுரையில் உ. வே. சாமிநாதையர் அதனை எழுதிவைத்தார். தீட்சிதர்கள் பெருமானை ஒரு புளியமரப் பொந்தில் மறைத்துச் சென்றனர். மரத்திற்குரிய வேளாளர் அதன்கண் தெய்வம் உண்டென்று கண்டு வழிபட்டு வந்தார். மரத்திற்கு அம்பலப்புளி என்னும் பெயர் வழங்கலாயிற்று. நெடுங்காலம் கழித்துத் தேடிவந்தவர்க்கு அப்பெயரே வழிகாட்டிற்று. செப்பேடு கூறும் குடுமியான்மலையோடும் மதுரையோடும் இக்கதை முழுதும் ஒத்துவரவில்லை. வரலாறு என்று கொள்ளச் செப்பேடே சிறந்தது. எனினும் செப்பேட்டில் இடம்பெறாத ஒருவரைக் கதை மறவாது வைத்திருக்கின்றது. அவர் ஆகமம் ஓதாதவர். பொந்தினுள் இருப்பது யாதென்று ஊரெல்லாம் பறைசாற்றாது, நாடோறும் வழிபட்டவர்.

திருத்தொண்டத்தொகை தனியடியாரோடு தொகையடியார் ஒன்பதின்மரையும் கூறுகின்றது. அவருள் முப்போதும் திருமேனி தீண்டுவார் ஒரு கூட்டம். அப்பாலும் அடிச்சார்ந்தார் மற்றொரு கூட்டம். தில்லையினின்றும் பெருமானைச் சுமந்து சென்ற தீட்சிதர்களையும், சீகாழியிற் புதைத்தவரையும் முதற்கூட்டத்தோடு ஒருங்கு எண்ணுதல் தகும். புளியமரத்து வேளாளரையும், வழியிற் சோறிட்டு வாய்மூடி இருந்தவரையும், சிவிகை தாங்கியவரையும் எங்கே வைப்பது? இடத்தாலும் காலத்தாலும் அப்பாற்பட்ட அடியார் அனைவர்க்கும் இடமளிப்பதே அவ்விறுதிக் கூட்டம் என்று சேக்கிழார் பெருமான் விரித்திருத்தலின், அவர்க்கும் அங்கே இடம் உண்டு என்பதே துணிபு. நம்பியாரூரர் பெயரறியாதார்க்கும் வணக்கம் வகுத்தது வெறும் தொகை நிரப்புதற்கு அன்று.

திரும்பாதவரும் உளர். காஞ்சியினின்றும் புறப்பட்ட பங்காரு காமாட்சி, உடையார்பாளையம், திருவாரூர் முதலிய இடங்களில் தங்கித் தஞ்சையை அடைந்து அங்கேயே கோயில்கொண்டாள். உடன்வந்து பூசித்த மரபினரின் வழியிலே இசைவல்ல சியாமா சாஸ்திரிகள் தோன்றினார்.

ஏடு காத்தலும் இவ்வினத்ததே. 1942-இல் சப்பானியர் குண்டு வீசுவர் என்னும் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறினர். அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நிலையத்து ஏடுகள் திருப்பதிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. திருவாவடுதுறையிற் பயின்று, வாழ்நாளெல்லாம் கறையானோடும் நெருப்போடும் போராடி ஏடு காத்த சாமிநாதையர், எண்பத்தேழாம் அகவையில் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அவ்வாண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். இடம்பெயர்ந்த திருமேனிகளைப் பற்றி எழுதிய கை, தானும் போரால் இடம்பெயர்ந்து ஓய்ந்தது.

போர்க்காலத்தே கலைச்செல்வங்களைக் காத்தற்கென உலகநாடுகள் 1954-இல் ஹேகு நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. உடன்படிக்கைக்குக் கட்டுப்படாதார் வாளோடு வரும்போது நிற்பவர் தனிமனிதரே. சிரியா நாட்டுப் பால்மைரா என்னும் தொன்னகரில் நாற்பது ஆண்டு தொல்பொருட் காவலராக இருந்த காலித் அல்-அசாத், எண்பது கடந்த முதியவர், 2015 ஆகத்தில் கொல்லப்பட்டார். அரும்பொருள்களை மறைத்துவைத்த இடத்தைக் கேட்டு வருத்தியும் அவர் சொல்லவில்லை என்பர். அவர் சமயம் வேறு, நாடு வேறு. அவர் செய்ததோ சீகாழியிற் செய்யப்பட்டதே.

இத்தொண்டர்க்குச் சிலை வேண்டா, மண்டபம் வேண்டா. கண்டெடுத்த திருமேனிகள் பல, பூசனையின்றிப் பாதுகாப்பு அறைகளிற் பூட்டுண்டு கிடக்கின்றன. களவஞ்சி அவ்வாறு வைத்தல் தவிர்க்கவொண்ணாததே. எனினும், பூசனைக்கு மீள்வதற்கென்றே புதைத்தவர் எண்ணம் அவ்வறையின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. காவலுக்கு வழிகண்டு ஒரு திருமேனியையேனும் தன் ஊர்க்கு மீட்டு விளக்கேற்றுதல், புதைத்தவர் விட்டுச்சென்ற பூசனையின் எஞ்சிய பாதியை முடித்தலாகும். அந்நாளில் குடமுழுக்கு மலரில் கொடையாளர் பெயர்ப்பட்டியல் நீளும்போது, பெயரறியாக் காவலர்க்கென்று ஒரு வரி முதலில் இடம்பெறலாம்.

கல்வராயன் மலையிலோ பட்டியல் இல்லை, செப்பேடும் இல்லை. மூவர் பெயர் மட்டும் தந்தை வாயினின்றும் மகன் செவிக்கு இறங்கி வருகின்றது. கரிராமன் காஞ்சிக்கு மீளவில்லை, உடன்வந்தாரும் மீளவில்லை.