கடல் கடக்கும் அம்மாக்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு அம்மா அமெரிக்கா கிளம்புகிறார் என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடலாம். சுக்கும் மிளகும் வறுபட்டால் மகளுக்கோ மருமகளுக்கோ நாள் நெருங்கிவிட்டது என்று பொருள்.

சென்னைக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் வான்வழியில் குறைந்தபட்சத் தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் முதலில் 4 மணி நேரம், பிறகு ஏறத்தாழ 16 மணி நேரம். இடையில் காத்திருப்பதையும் சேர்த்தால் முழுதாக ஒரு நாள். பயணச்சீட்டின் கணக்கு இவ்வளவுதான். தங்கையின் பிரசவத்துக்கு என் அம்மா போனபோது, அவருடைய பயணம் இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. தங்கைக்கு மருந்துப்பொடி, அப்பாவுக்குச் சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல், ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு. ஆரிய கவுடா சாலைக்கு எத்தனை நடை! அப்பாவும் கூடப் போகலாமே என்றேன். "அவருக்கு அங்க பொழுது போகாதுடி" என்றார். அம்மாவுக்குப் பொழுது போகுமா என்று யாரும் கேட்கவில்லை.

பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியத்தின் அகத்திணையியல். பொருள் தேடிப் பிரிபவன் ஆண், ஆற்றியிருப்பவள் பெண். அப்படியானால் அறுபதை நெருங்கும் வயதில் தனியாகக் கடல் கடக்கும் பெண்ணை எந்தத் திணையில் வைப்பது என்று வகுப்பில் கேட்டேன். "அவங்க பொருள் தேடியா போறாங்க மேம்? சம்பளம் இல்லாத வேலைக்குல்ல போறாங்க" என்றாள் ஒரு மாணவி.

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் ஃபிரான்சிஸ்கோ–பெங்களூரு நேரடி விமானத்தை, ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள் வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். சுமார் 17 மணி நேரம். எனக்கும் பெருமைதான். ஆனால் பயணிகள் இருக்கையில் இருக்கும் அம்மாக்களைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் கேலிக்கதைகள். நன்றாக நடக்கிறவர் எதற்குச் சக்கர நாற்காலி கேட்கிறார் என்று சிரிக்கிறோம். காலில் கோளாறு இல்லை. துபாயில் வாயில் எண் மாறினால் யாரிடம், எந்த மொழியில் கேட்பது? அம்மாவின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திய வீடுதான் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது.

விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "யாரோ சாப்பாடு கொண்டுவந்து வெச்சாங்க. சாப்பிட்டேன். தட்டையும் அவங்களே எடுத்துட்டுப் போனாங்க. தூங்கிட்டேன்." நாற்பது வருடத்தில் அப்படி ஒரு நாள் அவருக்கு வாய்த்ததாக எனக்கு நினைவில்லை.

இறங்கிய பிறகு அதுவும் இல்லை. கோடையில் இரண்டு ஊருக்கும் 12½ மணி நேர வித்தியாசம். பகல் 12 மணிக்கு அப்பா அடுப்படியில் நின்றுகொண்டு போன் செய்தால் அங்கே இரவு 11.30. பெருங்காயம் எங்கே என்பார். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே, இடதுபக்க அலமாரி, இரண்டாவது தட்டு என்பார் அம்மா.