உடன்போக்கு: ஓர் ஒத்திகை

பாலைத் திணையைப் பற்றி நம்மிடையே வரும் கட்டுரைகளில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எழுதுகிறவர் அங்கே நடந்து பார்த்ததில்லை. நான் நடந்து பார்த்தவன். அதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். சொந்த நிலம் இல்லாத இந்தத் திணைக்குத்தான் அகநானூற்றின் 400 பாட்டுகளில் 200 போயிருக்கிறது. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. ஆகவே பாலை என்பது ஒரு மனநிலை என்று முடிவுகட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் 2014இல் எனக்கு நிஜமாகவே ஒரு பாலை தேவைப்பட்டது.

அப்போது திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கிராமக் கிளையில் கிளார்க். சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதிக்கொண்டு வருகிறவளாக அவளைத் தெரியும். சாதி வேறு, அவளுடையது அந்த ஊரில் ஆள்பலம் உள்ளது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு ஓடிப்போவதென்றால் முதலில் ஞாபகம் வருவது கிரெட்னா க்ரீன். 1753இல் வந்த சட்டம் இங்கிலாந்தில் ரகசியக் கல்யாணத்தை முடக்கியது; எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்தில் அது செல்லாது; ஆகவே காதலர்கள் வடக்கே ஓடினார்கள். ஓடும் திசையைத் தீர்மானிப்பது காதல் அல்ல, சட்டம். எங்கள் விஷயமும் அதுதான். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி போனால் இரண்டு பெயரையும் பதிவு அலுவலகத்தில் 30 நாள் ஒட்டி வைப்பார்கள். எங்களுக்கு அது முகவரி கொடுத்து ஆள் அனுப்பச் சொல்வதற்குச் சமம். மிஞ்சியது 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவு: புரோகிதர் வேண்டாம், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினால் போதும். தூத்துக்குடியில் ஒரு வக்கீல் ஒப்புக்கொண்டார். ஊரிலிருந்து வெளியேறுவதுதான் பாக்கி.

அங்கேதான் என் இலக்கிய மூளை வேலை செய்தது. ஊருக்கு மேற்கே தேரி. இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல் மேடு மேடாகக் கிடக்கும். பனை, உடைமரம், கொல்லாமரம் தவிர வேறில்லை. விடியுமுன் நாலு மணிக்குக் கிளம்பித் தேரிக்குள் நாலு கிலோமீட்டர் நடந்தால் அடுத்த ரோடு. அங்கே நண்பன் காரோடு நிற்பான். இடைச்சுரம், வேனில், இருவர்! இதை வகுத்தபோது நான் உள்ளூர மகிழ்ந்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சித்திரைக் கடைசியில் ஒரு நண்பகலில் தனியாகப் போய் ஒத்திகை பார்த்தேன். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்குகிறது. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறுகிறது. இரண்டாவது மேட்டில் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். என் காலடித் தடம் ஒவ்வொன்றும் ஒப்பமிட்டது மாதிரி, ஊரிலிருந்து என் கால் வரைக்கும் வரிசையாகக் கிடந்தது. பாலை யாரையும் ஒளிப்பதில்லை. தேடி வருகிறவனுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஆடி மாதம். மேல்காற்று ராத்திரியோடு ராத்திரியாகத் தடத்தை மூடிவிடும். தவிர, ஆடியில் யாரும் கல்யாணத்தை நினைக்க மாட்டார்கள். அவளிடம் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கு மண்ணுல நடக்கணும்? அஞ்சேகாலு பஸ் இருக்குல்லா" என்றாள். பஸ்ஸில் உங்கள் ஆட்கள் பார்ப்பார்களே என்றேன். "பஸ்ஸுல போனா, குழு மீட்டிங்குக்குப் போறான்னு நெனைப்பாவ. தேரியில போனாத்தான் ஓடுறான்னு தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "நம்ம போயிருவோம். அம்மையைத்தான் நடுவுல நிறுத்திக் கேப்பாவ" என்றாள்.

ஐந்தேகால் பஸ்ஸில்தான் போனோம். அவள் முன்னால், நான் கடைசி சீட்டில். கல்யாணம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதே ஆண்டு, வக்கீல் அறைக்குள் ரகசியமாக நடக்கும் கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னபோது எங்களுக்குத் தூக்கம் போயிற்று. அது சரியல்ல என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2023 ஆகஸ்ட் வரை ஆனது. இடையில் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, ஜனங்களுக்கு நடுவில். பாலைப் பாட்டுகளில் தமர் தேடி வருவது உண்டு. ஆனால் அங்கே வழியின் பயங்கரமெல்லாம் பெரும்பாலும் யாரென்று தெரியாத ஆறலைகள்வரிடம்தான் இருக்கிறது. நமக்குக் கள்வர் பயமில்லை. பெயரும் முறையும் தெரிந்தவர்களிடம்தான் பயம்.

ஐங்குறுநூற்றில் மகள் போனபின் தாய் இரங்குவதாகப் பத்துப் பாட்டு இருக்கிறது. அவற்றை நான் உருவத்துக்காக, சிக்கனத்துக்காக வாசித்தவன். ஒருமுறை இதே போன்ற ஒரு பத்திரிகையில் அதைப்பற்றி நாலு பக்கம் எழுதியுமிருக்கிறேன். அந்தத் தாய்க்கு ஒரு வீடு உண்டு, அதில் அவளிடம் கேள்வி கேட்க ஆண்கள் உண்டு என்பது அந்த நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

2022இல் அதே கிளைக்கு இரண்டு வாரம் மாற்றுப்பணி. மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவளுடைய அம்மா வந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. முதிர்ந்த டெபாசிட் ரசீது ஒன்றைக் கவுண்டரில் வைத்தார்கள். என்னைப் பார்த்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன் பார்த்த முகம் நினைவிருந்ததா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. புதுப்பிக்கும் படிவத்தை நானே நிரப்பினேன். பழைய ரசீதில் நாமினி என்ற இடத்தில் என் மனைவியின் பெயர், கல்யாணத்துக்கு முந்திய தலைப்பெழுத்தோடு.

கேட்க வேண்டியது என் வேலை. "நாமினி மாத்தணுமாம்மா?"

"பழசே இருக்கட்டும்" என்றார்கள்.

கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டினேன். வைத்துவிட்டு, விரலில் இருந்த மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ரசீதை மடித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாடிக்கையாளர் கணக்கை வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதியைக் காரணம் காட்டி இதுவரை வீட்டில் சொல்லவில்லை. உண்மையான காரணம், சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள் என்பது. அவளுடைய அண்ணன்மார் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.