என்ன வேலை செய்கிறீர்கள்?

இராயபுரத்தில் ஒரு சிறிய மாடியறை. மாலை ஆறரை மணிக்கு என் மாணாக்கர் அங்கு வந்து சேர்வர். மாணாக்கர் என்றதும் இளம் பிள்ளைகளை எண்ணிவிட வேண்டாம். திருவொற்றியூரில் முதல் ஷிப்டை முடித்துக்கொண்டு வரும் பாதுகாப்பு மேற்பார்வையாளர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றின் முதலுதவி அறையில் பணிபுரியும் செவிலியர் இருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் ஒருவர் என்று இப்படிப் பதினான்கு பேர். தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் கல்வியைப் பயில வந்தவர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, இவர்களுக்கு உயிரியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகிய நான்கையும் கற்பிக்கும் பொறுப்பு வந்து வாய்த்தது.

தொடக்கத்தில் நான் செய்த பிழையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கு பாடங்களையும் நான்கு பெட்டிகளில் இட்டுப் பூட்டிவைத்தேன். திங்களன்று உயிரணு, செவ்வாயன்று இதயமும் நுரையீரலும், புதனன்று கிருமிகள், வியாழனன்று மருந்துகள். நான் கரும்பலகையில் படம் வரைவேன். அவர்கள் களைத்த கண்களோடு அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை, சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் மாத்திரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரேன் ஓட்டுபவர் எழுந்து நின்றார்.

"சார், போன மாதம் கடையில் கேட்டு இந்த மாத்திரையைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டு இரவு வேலைக்குப் போனேன். கன்டெய்னர் பெட்டி மேலே தொங்குகிறது. கீழே நாலு பேர் நிற்கிறார்கள். எனக்குக் கண் சொருகுகிறது. மாத்திரை கொடுத்தவர் என்ன வேலை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை."

வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றுதான் பெட்டிகளின் பூட்டுகளைத் திறந்தேன். ஹிஸ்டமின் என்னும் பொருள் மூக்கில் நீரை ஒழுகச் செய்கிறது. அதே பொருள் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. இந்தப் பழைய மாத்திரை மூளைக்குள்ளும் புகுந்து அதனைத் தடுத்துவிடுகிறது. ஆகவே மூக்கும் அடங்குகிறது, விழிப்பும் அடங்குகிறது. வீட்டில் படுத்திருப்பவருக்கு அது நல்ல உறக்கம். கிரேனில் அமர்ந்திருப்பவருக்கோ கீழே நிற்கும் நால்வரின் உயிர்!

இத்தாலிய மருத்துவர் இராமசீனி 1700 ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பண்டைக் கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீஸ் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு மேலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று அதில் அவர் வலியுறுத்தினார். "நீர் என்ன தொழில் செய்கிறீர்?" என்பதே அக்கேள்வி. அதை வகுப்பில் சொன்ன இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையாரின் நினைவு வந்துவிட்டது.

அவர் திருவொற்றியூரில் ஒரு வார்ப்படச் சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மணல் அச்சு செய்யும் வேலை பார்த்தவர். மாலையில் வீடு திரும்பியதும் அம்மா அவருடைய சட்டையை வாசலில் உதறுவார். சாம்பல் நிறத் தூசி புகைபோல் எழும்பும். பின்னர் இருமல் வந்தது. கோயிற் படிகளில் ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் காசம் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சில நாளில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று. இரத்தம் என்று அஞ்சி அவராகவே மருந்தை நிறுத்திவிட்டார். 1986 இல், தம் ஐம்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அதே ஆண்டில்தான் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். அவரை அடக்கம் செய்த மறுவாரமே ஒன்பதாம் வகுப்பில் நுரையீரலைப் பாடமாக நடத்தினேன். என் வீட்டு வாசலில் உதறப்பட்ட தூசி எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவருடைய வேலையைப் பற்றி மருத்துவர் கேட்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? மகனாகிய நானே கேட்கவில்லையே!

மறுநாள் வகுப்பில் பெயர் சொல்லாமல் அவருடைய கதையைப் பாடமாக வைத்தேன். வார்ப்பட மணலின் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலின் காற்றறைகள்வரை போய்ச் சேர்கிறது. அங்குக் காவல் நிற்கும் விழுங்கணு அதை விழுங்குகிறது. செரிக்க இயலாமல் தானே மடிகிறது. வெளிவந்த தூசியை மற்றொரு விழுங்கணு விழுங்கி அதுவும் மடிகிறது. இஃது உயிரியல். மடிந்த இடம் தழும்பாகி இறுக, நுரையீரல் விரிய மாட்டாமல் மூச்சு முட்டுகிறது. இஃது உடலியங்கியல். 1882 இல் ராபர்ட் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமி, காவலர் மடிந்த வீட்டில் எளிதாகக் குடியேறுகிறது. இது நுண்ணுயிரியல். ரிபாம்பிசின் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், அது தீங்கன்று என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மருந்தை விட்டுவிடுவார். இது மருந்தியல். வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்டு காசத்தைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிறுவிக் காட்டியது, 1956 இல் நம் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆய்வு மையமே. ஆயினும் சிலிக்கா உண்டாக்கிய தழும்பை நீக்க இன்றும் மருந்தில்லை. தூசியைத் தடுப்பது ஒன்றே வழி. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இந்நோயை அரசுக்கு அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. எனினும், கேட்டறியாத நோயை யார் அறிவிப்பார்?

என் தந்தையாருக்கு இருந்தது இதுதானா என்று உறுதி சொல்ல இன்று வழியில்லை. அந்த எக்ஸ்ரே படம் என்றோ குப்பைக்குப் போய்விட்டது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். அடுத்த வகுப்பில் நான் வாய் திறக்குமுன்பே செவிலியர் ஒருவர் கரும்பலகைக்கு வந்துவிட்டார். அம்மோனியா ஈரத்தைத் தேடிச் செல்லும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள நீரில் கரைந்து அரிக்கும் காரமாகிவிடும். எனவே முதலில் காற்றுள்ள இடத்துக்கு விலகிச் சென்று, கண்ணைக் கால் மணி நேரமாவது தூய நீரால் கழுவ வேண்டும் என்று அவரே விளக்கினார். நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன். ஆசிரியனுக்கு இதைவிட வேறு ஊதியம் வேண்டுமா?

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தத் தூசி, எந்தப் புகை என்று நீங்களே சொல்லுங்கள். மாத்திரை வாங்கும்போது, "இதை உண்டு வண்டியோ இயந்திரமோ ஓட்டலாமா?" என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாதீர்கள். தூசி தந்த நோய், அந்த வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும். இன்றிரவு உணவருந்த அமரும்போது, உங்கள் வீட்டில் உழைத்து வருபவரிடம் அவருடைய வேலையைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேளுங்கள்.

இப்பொழுதெல்லாம் புதிய மாணாக்கர் வந்தால், முதல் நாள் நான் படம் எதுவும் வரைவதில்லை. குறிப்பேட்டின் முதற் பக்கத்தில், தம் தந்தையோ தாயோ செய்த வேலையையும் அவர்களுக்கு வந்த நோயையும் எழுதச் சொல்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்துதான் எங்கள் பாடம் தொடங்குகிறது.