சோற்றுக் கவலை இல்லாத சனிக்கிழமை

ஸ்காபறோவில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் "இந்தச் சனிக்கிழமை எங்கேயாவது போவமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே போனை எடுத்துக் கலண்டர் பார்ப்பார்கள். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை ஒரு சனி ஞாயிறும் சும்மா கிடக்காது. சாமத்தியவீடு, அரங்கேற்றம், ஐம்பதாவது பிறந்தநாள், பழைய மாணவர் இராப்போசனம், ஊர்ச்சங்க ஒன்றுகூடல் என்று எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு முன்னமே மண்டபம் பதிந்தாயிற்று. போகிறோம், என்வலப்பைக் கொடுக்கிறோம், படத்துக்கு நிற்கிறோம், பக்கத்தில் இருப்பவரோடு பாட்டுச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்துவிட்டு வருகிறோம். இதைத்தான் சிநேகிதம் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

நான் தொண்டைமானாற்றுக்காரன். வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் நடுவே கடல்நீரேரி கடலோடு சேரும் இடம் எங்கள் ஊர். கருணாகரத் தொண்டைமான் அந்த வழியை வெட்டுவித்தான் என்பது ஊர்வழக்கு. உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாமலும், மாரித் தண்ணீர் உள்ளே தங்கி உவரைக் குறைக்கவும் பிற்காலத்தில் கதவுகள் வைத்து அணை கட்டினார்கள். மாரியில் கதவு திறந்தால் அணையடியில் வீச்சுவலைக்காரர் கூடிவிடுவார்கள். இறால், திரளி, மணலை என்று அன்றைக்கு ஊரெல்லாம் மீன் மணக்கும்.

ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கப்பூகர் பூசை செய்யும் கோயில். அன்னதானக் கந்தன் என்று சும்மா பெயர் வரவில்லை. சுற்றிவர மடங்கள். வெள்ளிக்கிழமைகளிலும் ஆவணித் திருவிழாக் காலத்திலும் எந்த மடத்துப் பந்தியில் போய் இருந்தாலும் இலையில் சோறு விழும். எந்த ஊர், ஆர் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள்.

திருவிழாக் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் எவனாவது ஒருவன் சைக்கிளை மதிலில் சாய்த்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு "வாறியோ?" என்பான். அவ்வளவுதான் அழைப்பிதழ். ஆற்றில் குதிப்போம். எங்கள் ஊர் நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தவர். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே அக்கரைக்கும் இக்கரைக்கும் பந்தயம் நடக்கும். அவர் வள்ளங்களையும் துணையாட்களையும் ஆயத்தம் செய்துதான் கடலில் இறங்கியிருப்பார். எங்களுக்கு ஒரு துவாய்கூடக் கிடையாது. கண் சிவக்கக் குளித்து, காய்ந்தும் காயாத தலையோடு மடத்தில் சாப்பிட்டுவிட்டுப் பொழுதுபட வீடு திரும்புவோம். எங்களுக்காக யாரும் உலை வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நினைத்தவுடன் வெளிக்கிட முடிந்ததற்கு இளவயதுதான் காரணம் என்று என் வயதுக்காரர் பலர் சொல்லுவார்கள். வயதை விட மடத்துக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

1983க்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்த பொடியள் ஒரே அப்பார்ட்மென்ரில் பாயைப் போட்டுப் படுத்த காலத்திலும் இப்படி நினைத்தவுடன் வெளிக்கிடுவது கொஞ்சம் நடந்தது. வேலை முடிந்து வந்த கையோடு பழைய கார் ஒன்றில் அடைந்து விடிய விடிய நயாகராவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பாணும் சம்பலும் போதும் அப்போது. குடும்பமானபின் அதே பயணம் வேறொன்றாகிவிட்டது. ஆண்கள் "சும்மா ஒருக்கால் போயிட்டு வருவம்" என்பார்கள். மனிசிமார் விடிய நாலு மணிக்கு எழும்பிச் சோறு கட்டி, கோழி பொரித்து, பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பும் எடுத்து வைப்பார்கள். பூங்காவிலும் மேசையைச் சுற்றி அவர்கள்தான் நின்றார்கள். ஆண்கள் மரத்தடியில் 304 சீட்டு விளையாடினார்கள். அதைத் திடீர்ப் பயணம் என்று இன்றைக்கும் பெருமையடிப்பவர்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும், யாருக்குத் திடீர் என்று.

போன ஆனியில் ஒரு சனிக்கிழமை காலை சிநேகிதன் ஒருவன் போன் எடுத்தான். "சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கீழ இறங்கு. வாசலில நிக்கிறன்." எங்கே என்று கேட்டதற்கு "ஏறு, சொல்லுறன்" என்றான். காருக்குள் ஏற்கெனவே இரண்டு பேர். தமிழ்க்கடையில் இடியப்பம், சம்பல், மீன்குழம்பு, கொஞ்சம் ரோல்ஸ். காசை யார் கொடுத்தது என்று இன்றுவரை ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. 404 நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் சிம்கோ ஏரி.

ஒன்ராறியோவில் 65 வயதான கனடா வதிவாளர் தூண்டில் போட உரிமப் பத்திரம் வாங்க வேண்டியதில்லை. அரசாங்க அடையாள அட்டை சட்டைப்பைக்குள் இருந்தால் போதும். முதுமைக்கு இந்த நாடு தந்த சலுகைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். எங்களில் இளையவனுக்கு இன்னும் அந்த வயதாகவில்லை. தூண்டிலைத் தொட விடாமல் அவனுக்குப் புழுக் கோர்க்கும் வேலையைக் கொடுத்தோம். பேர்ச் மீன் அகப்பட்டது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை; முதுகுச் செட்டையைப் பின்பக்கமாக வருடிப் பிடிக்காவிட்டால் முள் கையில் ஏறிவிடும். ஊரில் ஒட்டி மீனிடம் குத்து வாங்கியவனுக்கு அது நுளம்புக்கடி.

மத்தியானம் தாண்டி, இடியப்பப் பெட்டி காலியான பிறகு, கார் ஓடி வந்தவன் தண்ணீரைப் பார்த்தபடியே தனக்கு இருதயத்தில் ஸ்டென்ற் வைத்த கதையைச் சொன்னான். மாரியிலேயே நடந்ததாம். அதற்குப் பிறகு கலியாண வீடுகளில் அவனோடு ஒரே மேசையில் இருந்திருக்கிறேன். அங்கே அதைச் சொல்ல நேரமும் இல்லை, கேட்கக் காதும் இல்லை.

மண்டபத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மற்றவர் பிள்ளையின் அரங்கேற்றத்துக்குப் போகாதவன் தன் பிள்ளையின் அரங்கேற்றத்தில் வெறும் கதிரைகளைத்தான் பார்ப்பான். ஆனால் கோடையில் ஒரு சனிக்கிழமையையாவது கலண்டரில் எழுதாமல் விடுங்கள். ஒரு காருக்குள் அடங்கும் ஆட்களுக்கு மேல் கூப்பிட வேண்டாம். கூட்டம் கூடினால் வட்ஸ்அப் குழு தொடங்கும், குழு தொடங்கினால் ஆடிப் பயணம் ஐப்பசிக்குப் போய்விடும். கார் ஓடாத, பிள்ளைகளின் வசதி பார்த்துக் காத்திருக்கும் என் வயதுக்காரருக்கு வழி இல்லாமல் இல்லை: கோடை வார இறுதிகளில் கெனடி நிலையத்திலிருந்து புளூஃபேர்ஸ் பார்க் கரைவரைக்கும் பஸ் ஓடுகிறது. சாப்பாட்டை மட்டும் கடையில் வாங்குங்கள்; வீட்டில் ஒருவரையும் அதற்காக எழுப்பாதீர்கள்.