முன்கூட்டியே கொடுத்த பணம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூதர்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி ஸ்குவரல் ஹில். ஃபோர்ப்ஸ், மர்ரே சாலைகள் சந்திக்கும் முனையில் அண்ணாந்து பார்த்தேன். சமூக மையத்தின் கடிகாரத்தில் எண்களுக்குப் பதிலாக ஹீப்ரு எழுத்துகள்!

இங்குள்ள ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ தொழுகைக்கூடத்தில் 2018 அக்டோபர் 27ஆம் தேதி துப்பாக்கிக்காரன் ஒருவன் 11 பேரைக் கொன்றான். செய்தி பரவியதும் நிதி குவிந்தது. முஸ்லிம்கள் இணையத்தில் திரட்டிய நிதி மட்டுமே சில நாள்களில் 200,000 டாலரைத் தாண்டியது. ஈமச்சடங்குச் செலவுக்கும் சிகிச்சைக்கும் அது உதவியது.

ஆனால், என்னை யோசிக்க வைத்தது அதற்கு முன்பே கொடுத்த பணம்தான். நன்கொடையில் இயங்கும் நகர யூதக் கூட்டமைப்பு, 2017இலேயே பாதுகாப்பு இயக்குநர் ஒருவரை நியமித்திருந்தது. ஆபத்து நேரத்தில் எப்படித் தப்புவது, எங்கே ஒளிவது என்று அவர் தொழுகைக்கூடங்களில் பயிற்சி கொடுத்தார். ஓய்வுநாளில் கைப்பேசியைத் தொடாத சமயகுரு ஜெஃப்ரி மையர்ஸ், அவர் சொன்னதால் அதை உடன் வைத்திருந்தார். அன்று போலீசை அழைக்க அதுதான் கைகொடுத்தது.

தானத்தை ஹீப்ருவில் ‘ட்செடாக்கா’ என்கிறார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். பயிற்சிக்குக் கொடுத்தால் வராது. அப்படியும் கொடுத்திருக்கிறார்கள்.